பேருந்தில் ஏறிய சிவப்பு நாற்காலி

கொடைக்கானலில் மத்தியான மினி பஸ் கிளம்பப் போகும் நேரத்தில் அந்த நாற்காலி உள்ளே ஏறியது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. கடைக்காரன் சுற்றிக் கொடுத்த சணல்கூட இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அதற்குப் பின்னால், அதைத் தூக்கிக்கொண்டு ஏறிய பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் டிரைவர் சந்தோஷ்குமார் சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். பொன்னுத்தாய். கிளாவரை ஊர்க்காரர் ஞானவேலின் மனைவி. நாலு மாசத்துக்கு முன்னால் இதே பஸ்ஸால் அவன் இடித்துத் தள்ளியது அந்த ஞானவேலின் மொபெட்டைத்தான்.

கண்டக்டர் பிரசாந்த் நல்லவன். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடாது. "என்னக்கா, சேரெல்லாம் வாங்கிருக்கீங்க, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டு வைத்தான்.

"அவரு உக்காந்து குளிக்கிறதுக்குப்பா. தொடையில பிளேட்டு வச்சிருக்குல்ல, நின்னு குளிக்க முடியல."

பின்னால் காலி மூட்டைகளும் உரச் சாக்குகளும் அடைத்துக்கொண்டு கிடந்ததால், பிரசாந்த் நாற்காலியை வாங்கி எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். நாற்காலியின் முகம் டிரைவரைப் பார்த்தபடி இருந்தது. வேறு எப்படி வைத்தாலும் அது அங்கே நிற்காது. பொன்னுத்தாய் அதையடுத்த சீட்டில் உட்கார்ந்து ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கிளாவரை வரைக்கும் இனி அந்தக் காலி நாற்காலி அவனையே பார்த்துக்கொண்டு வரும்.

இதுவும் இன்றைக்குத்தான் நடக்க வேண்டுமா என்று நொந்துகொண்டான். காலையில்தான் பஸ்ஸின் முதலாளி கிபாயத்துல்லா பாய் கடைக்குக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் நிற்க வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "சந்தோசு, நீ வேலைக்குத் திரும்பி வந்து பத்து நாள்கூட ஆகல. அதுக்குள்ள ரெண்டு வாட்டி மேகத்துல வண்டிய நடுரோட்டுல நிறுத்திட்டியாம். சனங்க பேசுறாங்கப்பா. முடியலைன்னா சொல்லிரு, கடையில உக்காரு, நான் வேற ஆளப் போட்டுக்கிறேன். இன்னொரு தடவ நின்னுச்சுன்னா நானே அப்படித்தான் செய்வேன். தப்பா நெனைக்காத."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பாய் சொன்னதில் கோபமே இல்லை, அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. இருபது வருஷமாக அவனுக்குத் தெரிந்த சோலி இது ஒன்றுதான். சால்வைக்கு விலை சொல்லிக்கொண்டு கடையில் நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பூம்பாறை வரைக்கும் வெயில் இருந்தது. மன்னவனூரில் வெளிச்சம் மங்கியது. கவுஞ்சி தாண்டியதும் மேகம் இறங்கிவிட்டது. முதலில் தூரத்து மரங்கள் போயின, அப்புறம் பக்கத்து மரங்கள், அப்புறம் ரோட்டின் ஓரம். முன்கண்ணாடியில் தண்ணீர் கோத்துக்கொண்டது. சந்தோஷ்குமாரின் உள்ளங்கைகள் வழுக்கின. கால்சட்டையில் துடைத்தான். துடைத்த கை ஸ்டியரிங்குக்குத் திரும்புவதற்குள் மறுபடி வேர்த்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியே பொன்னுத்தாயைப் பார்த்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'சபிக்கிறாளா, என் கை நடுங்குவது தெரிகிறதா?' அவள் ஒரு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அடுத்தது தைலமரத்து வளைவு. அங்கேதான் அது நடந்தது.

இந்த ரோட்டில் மேகம் மூடினால் கண்ணுக்கு வேலையில்லை, காதால்தான் ஓட்ட வேண்டும். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பார்கள். எதிரில் வண்டி இருந்தால் பதில் ஹாரன் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே யார் வண்டி என்று தெரிந்துவிடும், யார் வண்டி என்று தெரிந்தால் அது எங்கே ஒதுங்கி நிற்கும் என்பதும் தெரிந்துவிடும். அகிலனின் பால் வண்டிக்கு 'பாம்-பீம்' என்று இரட்டைச் சத்தம். வளைவுக்குக் கீழே அகலமான இடத்தில் அகிலன் எப்போதும் ஒதுங்கி பஸ்ஸுக்கு வழி விடுவான். அது எழுதி வைக்காத ஒப்பந்தம், ஒரு நாளும் தவறியதில்லை.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு மேக நாளில் சந்தோஷ்குமார் ஹாரன் அடித்தான். 'பாம்-பீம்' என்று பதில் வந்தது. அகிலன் ஒதுங்கியிருப்பான் என்று தைரியமாகத் திருப்பினான். எதிரே வந்தது பால் வண்டி இல்லை, ஞானவேலின் மொபெட். மொபெட் போக ஓரமா இல்லை என்று அவர் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தார். அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கும்போதுதான், நசுங்கிய ஹேண்டில்பாரில் பெரிய இரட்டை ஹாரன் ஒன்று கம்பியால் கட்டியிருப்பதைப் பார்த்தான். அகிலன் புது ஹாரன் போட்டுவிட்டு, பழையதை இரும்புக் கடையில் தள்ளியிருக்கிறான். போலீசிலும் பாயிடமும் சந்தோஷ்குமார் இதைச் சொல்லவில்லை. காலை முறித்துக்கொண்டு ஒரு மனுஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, ஹாரன் மேல் பழியைப் போடுவதற்கு அவனுக்கு நாக்கு வரவில்லை. மேகத்தில் கண் தெரியவில்லை, தப்பு என்னுடையது என்று முடித்துக்கொண்டான்.

இப்போது வளைவு வந்துவிட்டது. பஸ்ஸை உருட்டி நிறுத்தி ஹாரன் அடித்தான். கீழே இருந்து கனமான ஒற்றைச் சத்தம் பதிலாக வந்தது.

"அகிலன்தான்ணே. புது ஹாரன். போங்க," என்றான் பிரசாந்த்.

சந்தோஷ்குமாருக்கும் அது தெரியும். தெரிந்தும் கிளட்சில் இருந்த கால் எழவில்லை. காதுக்குள் இன்னும் அந்தப் பழைய 'பாம்-பீம்' கேட்டுக்கொண்டிருந்தது. இந்தக் காதை நம்பித்தானே அன்றைக்கும் திருப்பினான்? மறுபடி ஹாரன் அடித்தான். மறுபடி அதே பதில். கால் எழவில்லை.

பின்னால் ஒரு ஜீப் வந்து நின்று கத்தியது. "இவங்கிட்ட வண்டியக் குடுத்தவனச் சொல்லணும்," என்று கடைசி சீட்டில் ஒருவர் ஆரம்பித்தார். இன்னொருவர், "வெரசா எடுப்பா, பொழுது சாயப் போகுது," என்றார். ஜீப்புக்குப் பின்னால் வேறு வண்டி வந்து மோதிவிடாமல் பார்த்துக்கொள்ள பிரசாந்த் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினான். முடிந்தது, நாளையிலிருந்து சால்வைக் கடைதான் என்று சந்தோஷ்குமார் நினைத்தான்.

"என்னண்ணே?" பொன்னுத்தாய் எழுந்து பக்கத்தில் வந்திருந்தாள்.

யாரிடமும் சொல்லாததை அவளிடமா சொல்வது? ஆனால் வாய் கேட்கவில்லை. "அன்னைக்கும் பதில் வந்துச்சும்மா. அகிலன் வண்டின்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"தெரியும்ணே," என்றாள் அவள். "அந்த ஹாரன இரும்புக் கடையில வாங்கிட்டு வந்தது நாந்தான். காட்டுமாடு வழியில நிக்குது, சின்ன ஹாரனுக்கு நகர மாட்டேங்குதுன்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்க ஸ்டேசன்ல அதப் பத்தி வாயே தொறக்கலைன்னு கேள்விப்பட்டேன். இந்த நாலு மாசமா நான் ஒழுங்காத் தூங்கல."

சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கினாள். அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் படியில் இறங்கிவிட்டாள்.

"யம்மா, எங்க போறீங்க? வேணாம்மா!"

"மேகத்துல கண்டக்டரு முன்னால நடக்குறதுதான வழக்கம்? அந்தத் தம்பி பின்னால நிக்கிது. நான் நடக்குறேன். செவப்பு நல்லாத் தெரியும். நீங்க வாங்க."

நாற்காலியைத் தலையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு பஸ்ஸின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். முன்விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. சேலை தெரியவில்லை, கால்கள் தெரியவில்லை. சிவப்பு நாற்காலி மட்டும் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அது நகர ஆரம்பித்தது.

பஸ்ஸுக்குள் எல்லோரும் சீட்டை விட்டு எழுந்து முன்னால் எட்டிப் பார்த்தார்கள். கீழ்நோக்கிய சரிவு. பிரேக்கில் கால் கொஞ்சம் பிசகினால் அவள் மேல்தான் வண்டி ஏறும். புருஷனை இடித்த பஸ்ஸுக்கு முன்னால், இடித்த அதே இடத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கிறாளே! இவளுக்குப் பைத்தியமா? சந்தோஷ்குமார் கிளட்சை விட்டான். அவளை அந்த மேகத்தில் தனியாக விட முடியாது, அதனால் விட்டான். முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டு ஊர்ந்தது. நாற்காலி இடப்பக்கம் திரும்பியபோது அவனும் திருப்பினான். நாற்காலி நின்றபோது நின்றான். கை நடுங்குகிறதா என்று பார்க்க அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை.

வளைவு முடிந்தது. அகலமான இடத்தில் அகிலனின் பால் வண்டி ஒழுங்காக ஒதுங்கி நின்றது. அகிலன் தலையை வெளியே நீட்டி, தலையில் நாற்காலியோடு வரும் பெண்ணையும் பின்னால் பதுங்கி வரும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். பொன்னுத்தாய் ஒன்றும் நடக்காதது போல ஏறி, நனைந்த தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பின்பக்கமிருந்து ஓடி வந்த பிரசாந்துக்கு என்ன நடந்தது என்று சொல்ல பஸ்ஸே போட்டி போட்டது.

சந்தோஷ்குமாருக்குக் கண் கலங்கியது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டு ஓட்டினான்.

பூண்டி தாண்டி, கிளாவரைக்குள் நுழைவதற்கு முன் கடைசி வளைவு. அங்கே ரோட்டோரத்தில் பூண்டு வயலுக்கு மேலே ஞானவேலின் வீடு. திரும்பி வந்த நாளிலிருந்து அவன் இந்த வளைவில் ஹாரனே அடித்ததில்லை. வீட்டுக்குள் படுத்திருக்கும் மனுஷன் காதில் பஸ் சத்தம் விழக்கூடாது என்று திருடனைப் போலக் கடந்துவிடுவான். இன்றைக்கும் கை ஹாரனுக்குப் போகவில்லை.

"அண்ணே, ஹாரன் அடிங்க," என்றாள் பொன்னுத்தாய்.

"இங்கயா?"

"தெனம் காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்காரு. பஸ்ஸு போற சத்தம் வருது, ஹாரன் மட்டும் வரலையே, அந்தாளு வேலைய விட்டுட்டாரான்னு எங்கிட்ட கேக்குறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

சந்தோஷ்குமார் ஹாரனை அழுத்தினான். விரல் தயங்கியதால் சின்னதாகத்தான் வந்தது. மறுபடி நீளமாக அழுத்தினான்.

மேகத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. 'பாம்-பீம்.'

அவன் கால் தானாக பிரேக்கில் பாய்ந்தது. பஸ் குலுங்கி நின்றது. மூட்டைகள் சரிந்தன.

"பயப்படாதீங்கண்ணே, அவருதான்," என்றாள் பொன்னுத்தாய். "நான் வயல்ல நிக்கும்போது கூப்பிடணும்ல. பேட்டரி வச்சு அந்த ஹாரனக் கட்டில் பக்கத்துல மாட்டிருக்காரு."

'பாம்-பீம்' என்று மறுபடி கேட்டது. இந்தத் தடவை ரெண்டு முறை, அவசரமாக.

"நேரமாச்சுண்ணே," என்றான் பிரசாந்த். "பாய் கேட்டா என்ன சொல்ல?"

"நானே சொல்லிக்கிறேன். நாளைக்கு வெள்ளனே வண்டி எடுக்க வரும்போது சொல்லிக்கிறேன்."

சந்தோஷ்குமார் கைபிரேக்கை இழுத்துவிட்டு எஞ்சினை அணைத்தான். பொன்னுத்தாய் கை நீட்டுவதற்குள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அந்த வீட்டைப் பார்த்து நடந்தான்.