கேயாலாவின் சுருதி

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த அம்மாவின் ஈரக் கூந்தலை நோஹேயா சீவிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. யாரென்று எட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அடக்கப் பந்திக்குப் பன்றி வேகும் குழியைச் சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் ஒன்றாகப் பேச்சை நிறுத்தியதிலேயே தெரிந்துபோயிற்று. பாலானி மாமா ஹோனலுலுவிலிருந்து வந்துவிட்டார். ஒரு கையில் பூமாலை, இன்னொரு கையில் கிதார்ப் பெட்டி.

"அக்கா..." என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல அழுகைதான், குறை சொல்ல முடியாது. மேடையில் நின்று பழகியவர் அல்லவா.

நோஹேயா சீவுவதை நிறுத்தவில்லை.

"பக்கத்து வீட்டுக் காவிக்கா தந்தி குடுத்தான்" என்றார் மாமா. "நீ குடுக்கலியே, பொண்ணு."

"மறந்துட்டேன் மாமா."

மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. அது அவருக்கும் தெரியும்.

"சாயங்காலம் பாட்டு இருக்குமில்ல? அக்காவுக்கு நான் ஒண்ணு வாசிக்கிறேன். அவளுக்குப் புடிச்ச சுருதியிலயே."

"யாரு சுருதி மாமா?"

மாமா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்ம சுருதிதான்" என்றார்.

அந்தக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு கிதார்க் கம்பியைத் தளர்த்தும் விதம் வேறு; அதைத்தான் சுருதி என்பார்கள். எந்தக் கம்பியை எவ்வளவு இறக்குவது என்பது வீட்டை விட்டு வெளியே போகாது. வாசித்து முடித்ததும் எல்லாக் கம்பிகளையும் தொளதொளவென்று தளர்த்திவிட்டுத்தான் கிதாரைக் கீழே வைப்பார்கள். அடுத்தவன் எடுத்து மீட்டினால் வெறும் இரைச்சல்தான் வரும். அம்மா கேயாலாவின் சுருதி பாட்டன் சொத்தும் அல்ல. நோஹேயா வயிற்றிலிருந்தபோது, உட்கார முடியாமல் படுக்க முடியாமல் தவித்த நாட்களில், அவளே தேடிக் கண்டுபிடித்தது.

மனைவி விட்டுப்போன பிறகு பாலானி ஒரு துணிமூட்டையோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, தூண்மேல் நின்ற அந்த வீட்டின் அடியில், நிழலில், மீன்வலை பின்னுகிறேன் என்று படுத்துக்கிடந்தார். பலகைத் தரைக்கு மேலே கேயாலா கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். அவர் பின்னியது வலை அல்ல என்பது, அவர் ஹோனலுலுவுக்குப் போன பிறகு, ரேடியோ சொல்லித்தான் தெரிந்தது. 'பாலானியின் ரகசியச் சுருதி' என்றான் அறிவிப்பாளன். கேயாலா ரேடியோவை அணைத்துவிட்டு அரிசி களையப் போனாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பிறகு சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்தான் வாசித்தாள். மகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அப்படித்தான். அந்தக் குழாய்ச் சத்தத்தை இன்றும் நோஹேயாவால் பொறுக்க முடிவதில்லை.

நேற்றுக் காலை, மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா சொன்னாள்: "நீ வெச்சுக்க. உன்னோட போகட்டும். யாருக்கும் குடுக்காத. அவன்கூட சண்டைக்கும் போகாத."

"சரிம்மா" என்றாள் நோஹேயா. சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிற்பகலில் அம்மாவைச் சவப்பெட்டியில் வைத்து வராண்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். போதகர் ஜெபம் முடித்ததும் பாலானி தன் கிதார்ப் பெட்டியைத் திறந்து கிதாரை எடுத்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பிகளைத் திருகினார். ஓட்டல் மேடையிலும் அவர் அப்படித்தானாம். காவிக்காவும் மற்ற வாசிப்பவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள். அந்தச் சுருதியைத் தேடி இத்தனை வருடம் கம்பி கம்பியாக அறுத்தவர்கள் அவர்கள்.

நோஹேயா உள்ளே போய் அம்மாவின் கிதாரோடு வந்தாள். கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இருங்க மாமா. பொண்ணு முதல்ல."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார் அவர், திரும்பாமலே.

"காவிக்காண்ணே, உங்க கிதார எடுங்க. கிதார் இருக்கிறவங்க எல்லாரும் எடுங்க."

"எதுக்கும்மா?"

"இது எங்கம்மா கண்டுபுடிச்சது. இந்த மாமா வீட்டுக்கடியில படுத்துக் கேட்டுட்டுப் போனது. தடிக்கம்பிய ரெண்டு சுரம் எறக்குங்க."

வராண்டாவில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நடுத்தெருவில் துணி மாற்றுகிறவளைப் பார்த்ததுபோலச் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமா திரும்பினார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா?

"அடுத்தது ஒரு சுரம். கீழயிருந்து எண்ணி நாலாவத தொடாதீங்க. மூணாவதுலதான் எல்லாரும் ஏமாந்தீங்க, அது அரைச் சுரம். ரெண்டாவது அப்படியே. கடைசி ஒண்ணு."

மெதுவாக, அடுப்பில் கிழங்கு வேகும் பக்குவம் சொல்கிறவள்போலச் சொன்னாள். கம்பிகளை ஒருமுறை விரலால் வருடினாள். காவிக்கா "அட கடவுளே, இவ்வளவுதானா!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். நோஹேயாவின் நெஞ்சு குளிர்ந்தது. அம்மாவின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.

மாமா வாசிக்கவில்லை. அவருடைய கிதார் பெட்டிக்குள் போய்விட்டது. வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அடக்கம் முடிந்து பந்தி நடந்தபோது அவர் மாமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நோஹேயா ஒரு தட்டில் போயி என்கிற சேப்பங்கிழங்குக் கூழும் இலையில் அவித்த இறைச்சியும் நிறைய வைத்து, கூழ்ச் சட்டியோடு எடுத்துப்போனாள்.

"நான் திருடினேன், இல்லேங்கல" என்றார் மாமா. "ஆனா குடும்பத்துக்குள்ளயே வெச்சிருந்தேன். நீ ஊருக்கே எறிஞ்சுட்டியே. அக்கா இதையா கேட்டா?"

"இல்ல. கேக்கல."

"அப்புறம்?"

"உங்களுக்கு இல்லாம போகணும். அதுக்காக எனக்கும் இல்லாம போனா போகட்டும். சாப்பிடுங்க மாமா."

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். வேலிக்கு அப்பால் காவிக்காவும் இன்னும் இரண்டு பேரும் புதுச் சுருதியில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பும் நடுநடுவே கேட்டது. மாமாவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"மூணாவது கம்பி" என்றார், தட்டைப் பார்த்தபடி. "அரைச் சுரம் மட்டும் போதாது. அக்கா அதுக்கும் கீழ இன்னும் ஒரு மயிரிழை எறக்குவா."

நோஹேயாவுக்கும் அந்த மயிரிழைக் குறை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த ஊரில் இனி அதைக் கேட்கக்கூடியவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அவள் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கூழ் ஊற்றினாள்.