ஏலியம்மாவின் வைனும் பட்டாபியின் சட்டையும்

பட்டாபி தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னான் என்று சொல்ல முடியாது. ஆனால் சொன்னவற்றில் வேர் விட்டுக் கிளை விட்டு வளர்ந்தது ஒன்றுதான். அது முளைத்த இடம் கோவளத்தில் ஒரு ஹோட்டல், கம்பெனியின் ஆண்டு விருந்து. பக்கத்து நாற்காலியில் கூட வேலை பார்க்கும் ஷெரின் உட்கார்ந்திருந்தாள். வைன் சிவப்பா வெள்ளையா என்று பரிமாறுகிறவர் கேட்டபோது, அதுவரை ரசத்தைவிடக் காரமான எதையும் குடித்தறியாத பட்டாபி, "ரெட். ஒயிட்ல டானின் போறாது" என்றான். வைனுக்குத் துவர்ப்பைத் தருவது டானின் என்று மெனு அட்டையின் பின்பக்கத்தில் அப்போதுதான் படித்திருந்தான்.

ஷெரினின் புருவம் உயர்ந்தது. அழகான புருவம். அதைத் திரும்பக் கீழே இறங்கவிட பட்டாபிக்கு மனம் வரவில்லை. அன்று முழுக்க கிளாஸைக் கையில் சுழற்றிக்கொண்டே சாம்பேன் என்பது ஒரு பிரதேசத்தின் பெயர் என்பது வரைக்கும் பேசினான். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டிச் செடிக்கு ஊற்றினான். அந்தச் செடி பிறகு என்ன ஆயிற்றோ தெரியாது. இவர்கள் காதல் மட்டும் நன்றாகத் தழைத்தது.

விஷயம் ஷெரின் வீட்டுக்குப் போனது. அவள் அப்பா குரியன் மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், திருவனந்தபுரத்தில் நாலாஞ்சிறையில் வீடு. பையன் கோட்டைக்குள் இருக்கும் தமிழ் பிராமணன், சைவம், நல்ல வேலை என்று எல்லாம் சொன்ன ஷெரின், கடைசியில் வைனைப் பற்றி அவனுக்குத் தெரியாததே இல்லை என்றும் சேர்த்தாள். அம்மா ஏலியம்மாவின் கிறிஸ்துமஸ் வைனுக்குச் சுற்றுவட்டாரத்தில் பெரிய பெயர். அம்மாவையாவது அது குளிர்விக்கும் என்று நினைத்தாள். குரியன், கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவன் வரட்டும், வைனைக் குடித்துப் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் கல்யாணம் உண்டா இல்லையா என்று தான் சொல்வதாகச் சொன்னார்.

பட்டாபியின் அம்மா அனந்தலக்ஷ்மி, "அவாத்துல சம்மதிச்சா அப்பறம் பாக்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவர்கள் ஒருநாளும் சம்மதிக்கமாட்டார்கள் என்ற பலமான நம்பிக்கையில் சொன்னது அது.

ஆக, எல்லாம் ஒரு வாய் வைனில் வந்து நின்றது. பழகிப் பார்க்கலாமென்றால், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வரும் மாமிகளின் கண்ணில் படாத மதுக்கடை திருவனந்தபுரத்தில் கிடையாது. யோசித்துப் பார்த்ததில் அவன் வீட்டு அலமாரியிலேயே திராட்சையைப் புளிக்கவைத்துச் செய்த ஒரு வஸ்து இருந்தது. அம்மா சாப்பாட்டுக்குப் பிறகு ஜீரணத்துக்குக் குடிக்கும், சின்ன வயசில் வயிற்றுவலிக்கு அவனுக்கும் புகட்டிய திராட்சாரிஷ்டம். அதைக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, வெளிச்சத்தில் நிறம் பார்த்து, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, வீடியோவில் பார்த்தபடி எல்லாம் செய்து பழகினான். இப்போது குடிக்க மட்டும் பயம், அளவு குறைந்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

அம்மா கூடத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மருந்தை எதுக்குடா இந்தப் பாடு படுத்தறே? அதுக்கே வயத்தைப் பெரட்டிண்டு வரப் போறது."

கிறிஸ்துமஸ் வந்தது. சாலை பஜாரில் வாங்கிய சந்தன நிறச் சட்டையில், கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்ட பட்டாபிக்கு, வெளிநாட்டுத் தூதரைப் போல இருப்பதாகப் பட்டது. சட்டை நன்றாகத்தான் இருந்தது.

அவனுக்காகவே காய்கறி ஸ்டூவும் ஆப்பமும் செய்திருந்தாள் ஏலியம்மா. கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை எல்லாம் பீங்கான் பரணியில் போட்டு வாயைத் துணியால் கட்டிவைப்பதையும், தினமும் காலையில் மரக் கரண்டியால் தான் ஒருத்தியே கிளறுவதையும், வேறு கை பட்டால் வைன் கோபித்துக்கொள்ளும் என்பதையும் சொன்னாள். அதோடு கேட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். பட்டாபி வாயைத் திறந்தான். பழைய கிரேக்கர்கள் வைனில் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள், கலக்காமல் குடிப்பவனைக் காட்டான் என்றார்கள் என்று ஆரம்பித்து, ரோமாபுரி வழியாகப் பிரான்ஸ் வரைக்கும் போய்விட்டான். அவன் ஒவ்வொரு தேசமாகத் தாண்டத் தாண்ட எதிரே குரியனின் முகம் இருண்டுகொண்டே போனது. தன் புலமையைக் கண்டு மனிதர் மலைத்துப்போய்விட்டார் என்று பட்டாபி எடுத்துக்கொண்டான்.

"மோன் நித்யம் குடிக்குமோ?" என்று குரியன் மெதுவாகக் கேட்டார்.

"நித்யம்னு இல்லை அங்கிள். நல்லது கிடைச்சா விடறதில்லை."

மேஜைக்கு அடியில் ஷெரின் அவன் காலை மிதித்தாள். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டான்.

வைன் வந்தது. கோவைப்பழ நிறம். பட்டாபி கிளாஸைத் தூக்கி நிறம் பார்த்தான். சுழற்றினான். கண்ணை மூடி முகர்ந்தான். முதலில் பழம், பின்னால் மசாலா, கடைசியில் நீண்ட ஒரு ஞாபகம் என்று மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. குடிப்பது ஒன்றுதான் பாக்கி.

அந்த ஒன்றைத்தான் அவன் பழகியிருக்கவில்லை.

பட்டாபியின் வீட்டில் குடிக்கிற பாத்திரத்தை யாரும் உதட்டில் வைப்பதில்லை. எச்சில். தண்ணீரானாலும் காப்பியானாலும் அரிஷ்டமானாலும் டம்ளரை உயரத் தூக்கி, அண்ணாந்து, தொண்டைக்குள் விடுவதுதான் முறை. ஆபீஸ் பாட்டிலும் அப்படித்தான், தெருமுனை டீயும் அப்படித்தான். அத்தனை பேரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற பதற்றத்தில் பட்டாபியின் கை வீடியோவை மறந்து அம்மா சொல்லிக்கொடுத்ததைச் செய்தது. தலை பின்னால் சாய்ந்தது, வாய் திறந்தது, கிளாஸ் நெற்றிக்கு மேலே போய்க் கவிழ்ந்தது.

வீட்டு டம்ளருக்கு விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், நூல் பிடித்த மாதிரி விழும். வைன் கிளாஸின் வாயோ உள்பக்கம் குவிந்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தான். மொத்தமும் ஒரேயடியாக வந்தது. ஒரு மடக்கு வாய்க்குள் போனது. மிச்சம் மூக்கு, மோவாய், கழுத்து என்று இறங்கி, சந்தன நிறச் சட்டை முழுக்கப் பரவியது.

வெளிநாட்டுத் தூதர் இருமினார்.

ஏலியம்மாவுக்கு மட்டும் அப்போதும் தன் வைன்தான் பெரிதாக இருந்தது. "எங்ஙன உண்டு மோனே?" என்று ருசியைக் கேட்டாள்.

மனப்பாடம் செய்தது எல்லாம் சட்டையோடு போயிருந்தது. "எங்கம்மா குடிக்கற திராட்சாரிஷ்டம் மாதிரியே இருக்கு ஆன்ட்டி" என்றான் பட்டாபி. "ஆனா இது கசக்கலை."

முதலில் குரியனின் தோள்கள்தான் குலுங்கின. பிறகு வயிறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுதான் முதல் தடவையா என்று கேட்டார். பட்டாபி தலையை ஆட்டினான். ஆட்டியதில் மூக்கு நுனியிலிருந்து இன்னொரு சொட்டு விழுந்தது.

அதற்கப்புறம்தான் மனிதர் மனதில் இருந்தது வெளியே வந்தது. அவருடைய அண்ணன் குடித்தே போனவர். வைனைப் பற்றித் தெரியாததே இல்லை என்று மகள் சொன்ன நாள் முதல் அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. பையன் எத்தனை கிளாஸில் நிறுத்துகிறான் என்று பார்க்கத்தான் இந்த விருந்தே. நிறுத்தாவிட்டால், கல்யாணத்தை இவர் நிறுத்திவிடுவதாக இருந்தார்.

"ஒரு கிளாஸ் வைனை வாய்க்குள்ள கொண்டுபோகத் தெரியாத ஆளு," என்றார் ஏலியம்மாவிடம், "இவன் குடிகாரனாகணும்னா ஒரு ஆயுசு போதாது."

ஷெரின் துண்டை நீட்டினாள். "டானின் கறை போகாது, கேட்டோ" என்றாள் தாழ்ந்த குரலில். கோவளத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் அப்போதுதான் பட்டாபிக்கு வந்தது.

மாலையில் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தவனை அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். சட்டையின் தோள் முழங்கை வரைக்கும் தொங்கியது.

"யாரோட சட்டைடா இது?"

"அவளோட அப்பாவோடது."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஒத்துக்கொள்ளாத மனிதர் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தனுப்புவாரா? பட்டாபி ஏலியம்மா தந்த பாட்டிலை எடுத்து வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். செடி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டான்.

அம்மா பாட்டிலை மோந்து பார்த்தாள். "கிராம்பு தட்டிப் போட்டிருக்கா. கோதுமை வேற" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அரிஷ்டம் குடிக்கிற டம்ளரில் அரிஷ்டத்தின் அளவுக்கு ஊற்றி, கையை உயரத் தூக்கி அண்ணாந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

கொஞ்ச நேரம் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு இருந்தாள்.

"என்னிக்கு வரச் சொன்னா நம்மளை?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை."

"போறச்சே நம்மாத்து டம்ளர் ரெண்டு எடுத்துக்கோ" என்றாள் அம்மா.