ஆரின் இழுத்துப் போன வீடு

தம்பி லைல் கல்யாணம் செய்துகொண்டு அரிசோனாவுக்குக் குடிபோனபோது அவனுக்கு அறுபது வயது. அண்ணன் ஆரின் டெஸ்கேவுக்கு அறுபத்திரண்டு. நெப்ராஸ்காவின் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே அப்பா விட்டுப்போன வீட்டில் இருவரும் கட்டைப் பிரம்மச்சாரிகளாகவே காலத்தை ஓட்டியவர்கள். ஆரின் ஊர்த் தபால் நிலையத்தில் கவுன்டருக்குப் பின்னால் நின்றார். லைல் டிராக்டர் பழுது பார்த்தான். வீட்டில் சமையல் ஆரினுடைய பொறுப்பு. ஒழுகுவதை அடைப்பது, ஓடாததை ஓடவைப்பது, வண்டி ஓட்டுவது எல்லாம் லைல். ஆரினுக்கு வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். நாற்பது வருஷமாக அவர் பிக்கப் வண்டியில் தம்பிக்குப் பக்கத்தில், வலது பக்க இருக்கையில் உட்கார்ந்தே எல்லா இடத்துக்கும் போய் வந்தார்.

யாரோ உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்திருந்த நடீன் என்கிற விதவை, விருந்து மண்டபத்தில் லைலை இழுத்துப் போய் போல்கா ஆட வைத்தாள். ஆறு மாதம் கழித்து அவன் இரண்டு பெட்டிகளோடு அவள் காரில் ஏறினான். "பிக்கப்ப நீயே வச்சுக்க," என்று சாவியைச் சமையல் மேஜைமேல் வைத்தான். அது மார்ச் மாதம். ஜூனில் ஆரினுக்கு ஓய்வு கொடுத்துக் கேக் வெட்டி அனுப்பிவிட்டார்கள்.

லைலுக்கு ஒரு காது மந்தம். அதனால் வீட்டில் டிவி எப்போதும் அலறிக்கொண்டிருக்கும். அவன் போய்ப் பல வாரம் ஆன பிறகுதான் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று ஆரினுக்குத் தோன்றியது. குறைத்தார். ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது. மறுபடியும் கூட்டி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லைலோடு போனில் பேசுவார். அங்கே வெயில், இங்கே மழை. மூன்று நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஒரே வீட்டில் இருந்த காலத்திலும் அவர்கள் பெரிதாகப் பேசியவர்கள் இல்லை. ஆனால் அப்போது எதிரே பேசாமலிருக்க ஒரு ஆள் இருந்தான்.

"குளிர்காலத்துல இங்க வந்துரு," என்றான் லைல் ஒரு தடவை. "நடீன் வீடு சின்னதுதான். தையல் ரூம்ல ஒரு கட்டில் போடலாம்."

"அவங்க எங்க தைப்பாங்க?"

லைல் பேச்சை மாற்றினான். "எங்க குடியிருப்புக்குள்ள விருந்தாளிங்க டிரெய்லர் நிறுத்த ஒரு இடம் இருக்கு," என்றான்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார் ஆரின். அடுத்த வாரமே விதைக்கடைப் பலகையில் ஒரு சீட்டைப் பார்த்தார். பதினாலு அடி நீளம், கட்டில், அடுப்பு, மேஜையோடு, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர். முப்பத்தைந்து வருஷப் பழசு.

விற்கிறவர் பெயர் மைலோ குபிக். எண்பதைத் தாண்டியவர். பார்வை மங்கிப்போனதால் அவருடைய ஓட்டுநர் உரிமத்தை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொட்டகைச் சுவரைத் தடவிக்கொண்டே முன்னால் நடந்தார்.

"இதுக்கு முன்னாடி டிரெய்லர் வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. இதான் மொதல்."

"அப்ப உங்ககிட்ட உண்மையச் சொல்லணும். மழை பெஞ்சா வெளியவும் பெய்யும், உள்ளயும் பெய்யும். வெளிய கொஞ்சம் கம்மி."

ஆரின் உள்ளே ஏறினார். கதவருகில் தரை காலடியில் மெத்தென்று அமுங்கியது. ஜன்னலோரத்தில் பழுப்புக் கறை. ஆனால் அடுப்புக்கு மேலே ஒரு சின்ன அலமாரி, அதில் நாலே நாலு கோப்பைக்கு இடம். மேஜைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெஞ்சு. அவர் ஒன்றில் உட்கார்ந்தார். எதிர் பெஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சுப் பேச்சக் காணோமே, தரை உடைஞ்சு கீழ போயிட்டீங்களா?" என்று வெளியிலிருந்து கத்தினார் மைலோ.

ஆரின் பேரம் பேசவில்லை. பின்விளக்கு எரியாததால் மைலோவின் மகள் தன் காரில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே வீடுவரை பின்னால் வந்தாள். இருபது மைல் வர ஒரு மணி நேரம் ஆனது. வளைவுகளில் கண்ணாடியைப் பார்த்தபோதெல்லாம் யாரோ விடாமல் துரத்துகிற மாதிரி இருந்தது ஆரினுக்கு.

அந்தக் கோடை முழுக்க அவர் அந்த டிரெய்லரிலேயே கிடந்தார். உள்சுவர்ப் பலகையைப் பெயர்த்தால், உள்ளே மரச்சட்டம் பாலில் ஊறிய பிஸ்கட்டாக விரலில் உதிர்ந்தது. பயந்துபோய்க் கிழமை பார்க்காமல் லைலுக்குப் போன் போட்டார்.

"எது வரைக்கும் உளுத்திருக்கு? ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாரு," என்றான் லைல்.

"குத்துறேன். உள்ள போகுது."

"இன்னும் மேல."

"போகுது."

"இன்னும் மேலடா."

"லைல், இனிமே வானந்தான் இருக்கு."

லைல் சிரித்தான். போனில் அவன் சிரித்து ஆரின் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள்.

அப்புறம் தினமும் பேச்சுதான். எந்த மரம் வாங்குவது, கூரை இணைப்பில் பழைய பசையைச் சுரண்டாமல் புதுசைப் பூசினால் என்ன ஆகும், சக்கரத்து பேரிங்கில் கிரீஸை உள்ளங்கையில் வைத்து எப்படி அழுத்தி ஏற்றுவது. இடது பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் வலதும் சேர்ந்து சிமிட்டியது. "எர்த் வயர் சரியில்ல. போல்ட்டுக்கு அடியில பெயின்ட்டச் சுரண்டிட்டு மாட்டு," என்றான் லைல், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து. சுரண்டி மாட்டினார். எரிந்தது. தனியாகக் கொட்டகையில் நின்று கைதட்டினார்.

ஆகஸ்டுக்குள் ஆரினுக்கு வேலை பிடிபட்டுவிட்டது. ஆனாலும் போன் செய்தார். தெரிந்ததையே தெரியாத மாதிரி கேட்டார். எந்த நம்பர் ஆணி, எத்தனை தடவை பெயின்ட். லைலும் அலுக்காமல் முதலிலிருந்து சொன்னான். பக்கத்து அறையில் நடீன் ஏதோ கூப்பிடுவது கேட்கும். "இரு, இத முடிச்சிட்டு வந்துர்றேன்," என்பான் அவளிடம்.

செப்டம்பர் கடைசியில் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. போன் பழையபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. இங்கே காற்று, அங்கே வெயில்.

அக்டோபரில் ஒரு காலை, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். கொக்கியை மூன்று தடவை அசைத்துப் பார்த்தார். சங்கிலியைக் குறுக்கே மாட்டினார். கன்சாஸ் எல்லை தாண்டியதும் பக்கக் காற்று பிடித்தது. ஒரு பெரிய லாரி முந்திப் போன அடியில் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. இடம், வலம், இன்னும் பெரிசாக இடம். பிக்கப்பையே திருகியது. பிரேக்கை மிதிக்காதே, காலை மட்டும் எடு என்று லைல் சொன்னது ஞாபகம் வந்தது. எடுத்தார். மெல்ல மெல்ல அடங்கியது. சாலையோரம் நிறுத்தி, ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"பாத்தியா?" என்று வலது பக்கம் திரும்பிச் சொன்னார். வரைபடமும் ஒரு பை ஆப்பிளும் இருந்தன அங்கே.

பின்னால் கனம் கூடினால் வால் ஆடும். தகர டப்பாக்களையும் கருவிப் பெட்டியையும் பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் அடைத்திருந்தது நினைவுக்கு வந்தது. காற்றில் தொப்பி பறக்க, அத்தனையையும் ஒவ்வொன்றாக முன்பக்கத்துக்கு மாற்றினார். அதற்குப் பிறகு வண்டி ஒழுங்காக வந்தது. நாலு நாள் ஓட்டினார். கடைக்காரர்களைத் தவிர யாரிடமும் பேசவில்லை.

நடீனின் குடியிருப்பு வாசலில் காவல் அறையிலிருந்த பெண் டிரெய்லரைச் சுற்றி வந்தாள். முகத்தில் உண்மையாகவே வருத்தம்.

"சார், எந்த வருஷத்து வண்டி?"

ஆரின் சொன்னார்.

"பத்து வருஷத்துக்கு மேல பழசுன்னா உள்ள விட மாட்டாங்க சார். ஒரு நாளைக்குக்கூட. அழகாத்தான் இருக்கு. ஆனா விதி."

லைல் உள்ளேயிருந்து வேகமாக நடந்து வந்தான். வெயிலில் கறுத்து, அரைக்கால் சட்டை போட்டிருந்தான். அண்ணனைப் பார்க்காமல் நேராக டிரெய்லரிடம் போய்ச் சுவரை முட்டியால் தட்டினான். குனிந்து வயரைப் பார்த்தான். கதவைத் திறந்து உள்தரையில் குதித்தான்.

"நல்லா பண்ணிருக்கடா," என்றான்.

"உள்ள விட மாட்டாங்களாம்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

லைல் நல்ல காது இந்தப் பக்கம் இருந்தும் கேட்காத மாதிரி நின்றான். பிறகு, "ஜூலைல. நடீன் விதிப் புஸ்தகத்தக் கொண்டுவந்து காட்டுனா," என்றான்.

"ஜூலைலயா! நான் கூரைகூட ஆரம்பிக்கல அப்ப. ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேடா. நாலு மாசம் உயிர விட்டுட்டேனே."

"சொல்லிருந்தா நீ வேலைய நிறுத்திருப்ப." லைல் சக்கரத்தை உதைத்தான். "போனையும் நிறுத்திருப்ப."

ஆரினுக்கு வந்த கோபம் பாதியில் நின்றது. இந்தக் கொளுத்துகிற ஊரில், பெண்டாட்டி பக்கத்தில் இருக்க, இவனும் போன் மணி அடிக்கக் காத்துக்கொண்டிருந்தானா? கேட்க நினைத்தார். அவர்களுக்கு அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை.

"தெரிஞ்ச வேலையத்தான் உன்கிட்ட பாதி நாள் கேட்டேன்," என்று மட்டும் சொன்னார்.

"ஆணி நம்பர நாலு தடவ கேட்ட. எனக்கென்ன அறிவு இல்லியா?"

காவல் அறைப் பெண் ஜன்னலை மூடிக்கொண்டாள்.

இருபத்தைந்து மைல் தள்ளி, கள்ளியும் சரளைக் கல்லுமான அரசு நிலத்தில் யாரும் நிறுத்திக்கொள்ளலாம். ஆரின் அங்கே போனார். செவ்வாய்க்கிழமை மட்டும் லைல் வந்தான். மற்ற நாட்களில் நடீனுக்கு நீச்சல், சீட்டாட்டம், தேவாலயம், அவள் பிள்ளைகள். ஆரின் அவனுக்காக மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வைத்த ரொட்டி சுடுவார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நாலு தின்பான். பிறகு அப்படியே சாய்ந்து ஒன்றரை மணி நேரம் தூங்குவான். அவன் குறட்டையைக் கேட்டபடி ஆரின் பாத்திரம் தேய்ப்பார். எழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, "ஐயோ, நேரமாச்சு," என்று கிளம்புவான். புழுதி அடங்க நெடுநேரமாகும். அப்புறம் ஆறு நாள்.

நடீனும் ஒரு தடவை அவனோடு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, "நல்லா சுத்தமா வச்சிருக்கீங்க," என்றாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்தவள், லைல் தூங்கும்போது மெதுவான குரலில், "வீட்ல அவர் பகல்ல தூங்கறதே இல்ல, தெரியுமா?" என்றாள். அவளும் அவனைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று பட்டது ஆரினுக்கு. அவளுக்கு இன்னொரு ரொட்டி எடுத்து வைத்தார்.

மார்ச்சில் வெயில் ஏறியதும் சுற்றியிருந்த டிரெய்லர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசிச் செவ்வாயன்று லைல் அண்ணன் தோளைப் பிடித்தான். அவர்கள் வீட்டில் யாரும் செய்யாத காரியம் அது. உடனே கையை எடுத்தும்விட்டான்.

"நேரா வீட்டுக்குத்தான?"

"வேற எங்க?" என்றார் ஆரின்.

ஆனால் நெடுஞ்சாலை பிரியும் இடத்தில், எப்போது வருவாய் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வீட்டுப் பாதையை விட்டு வடக்கே திரும்பினார். மாலை வெயிலில் ஒரு மலை ஏரியின் முகாம் வாசலில் நிறுத்தினார். பலகையில் தாளை மாட்டிக்கொண்டு வந்த பெண் காவலர், "எத்தன பேர் சார்?" என்றாள்.

"ஒருத்தர்தான்."

"தண்ணிப் பக்கமா ஒரு இடம் இருக்கு. ஆனா ரிவர்ஸ்ல ஏத்தணும். பின்னால நின்னு சொல்லட்டுமா?"

"வேணாம்மா," என்றார். "நானே பாத்துக்கறேன்."

மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்தார். நாலாவது தடவை வண்டி உள்ளே போய் நேராக நின்றது. இறங்கிப் பார்த்தார். ஏரியில் யாரும் இல்லை. சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனார். அங்கே ஒன்பது நாள் இருந்தார்.