தலைமேல் வைத்த தாள்

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் நூலகங்களுக்கு மென்பொருள் செய்யும் அந்தச் சின்ன நிறுவனத்தில் திபெத்திய மொழி வசுந்தராவின் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், அவள் இந்தியாவிலிருந்து வந்தவள் என்பதுதான். “இமயமலை உங்கள் ஊரில்தானே இருக்கிறது?” என்றார் மேலாளர் கீஸ்லர். கோயம்புத்தூரிலிருந்து இமயமலைக்குப் போவதைவிட எர்லாங்கனிலிருந்து மாஸ்கோவுக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மாதக் கடைசியில் வேலை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டித்தால்தான் விசா. வேலையை வாங்கிக்கொண்டாள்.

அது 2004. திபெத்திய எழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்காக நிற்பவை. நிறுவனத்தின் மென்பொருளோ அவற்றை ரேஷன் கடை வரிசைபோலப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுநடுவே காலி வட்டங்களையும் போட்டது. வசுந்தரா ஒரு திபெத்தியப் புத்தகத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கீஸ்லர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “நம்முடையது கொஞ்சம் நவீன பாணி” என்றார். அந்த மகானுபாவருக்குத் திபெத்திய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. பாணி மட்டும் தெரிந்திருந்தது.

ஒப்புதல் நாளன்று, மென்பொருளை வாங்கவிருந்த திபெத்திய நூலகத்திலிருந்து கெல்சங் வந்தார். அறுபது வயது, யாரையும் நோகடிக்காத முகம். மேஜையில் அந்த மென்பொருள் அச்சிட்ட மாதிரித் தாள், காபி, மூன்று வகை கேக். குளிரானாலும் ஜன்னலைத் திறந்து வைப்பது அந்த அலுவலகத்தின் வைதிகச் சடங்கு. தாள் பறந்து தரையில் விழுந்தது. கெல்சங் பதறி எடுத்து, உச்சந்தலையில் வைத்துக் கண்மூடி நின்றார்.

கீஸ்லருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “ஆசீர்வதிக்கிறார்!” என்று கிசுகிசுத்தார். ஒப்புதல் படிவத்தில், ‘வாடிக்கையாளர் மிகுந்த மனநெகிழ்வுடன் ஏற்றுக்கொண்டார்’ என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி வசுந்தராவிடம் நீட்டினார். பரிசோதித்தவள் அவள்தானே.

காலில் பட்ட செய்தித்தாளைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள் வசுந்தரா. அதில் இருந்த செய்தியெல்லாம் உண்மை என்றா ஒற்றிக்கொண்டாள்?

பேனாவைத் திறக்காமலே ஆங்கிலத்தில் கேட்டாள், இதை உங்களால் படிக்க முடிகிறதா என்று. கெல்சங் அவள் சட்டையில் இருந்த பெயர் அட்டையைப் பார்த்தார். அவளுடைய ஆங்கில உச்சரிப்பும் காதுக்குப் பழகியதாகப் பட்டிருக்க வேண்டும்; தமிழிலேயே கேட்டார்.

“நீங்க எந்த ஊரும்மா?”

“கோயம்புத்தூர் சார். உங்களுக்கு எப்படித் தமிழ்...”

“காந்திபுரத்துல பன்னெண்டு வருஷம் ஸ்வெட்டர் வித்தேன். டிசம்பர் ஆனா வந்துடுவோம்.”

“சார், ஃபிராங்கா சொல்லுங்க. படிக்க முடியுதா?”

“ஒரு வார்த்தை முடியலம்மா. எழுத்தெல்லாம் இடிஞ்சு விழுந்து கிடக்கு.”

“அப்புறம் ஏன் தலையில வச்சீங்க?”

“இடிஞ்சாலும் எழுத்துதானே? தரையில விடலாமா? இவங்க வேற இவ்ளோ கேக் வாங்கி வச்சிருக்காங்க. நான் எப்படிச் சொல்றது?”

“நான் சொல்றேன் சார்.”

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கீஸ்லரின் வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘படிக்க இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீஸ்லர் முகம் சிவந்தது. “ஆனால் அவர் ஆசீர்வதித்தாரே!”

“அவர் கும்பிட்டது எழுத்தை. நம் மென்பொருளை இல்லை.”

மாதக் கடைசியில் கடிதம் வந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஜெர்மானிய ஒழுங்குப்படி காரணமும் எழுதியிருந்தார்கள்: ஆசிய மக்களின் உணர்வுகளைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இவரிடம் போதாது.