திருப்பிச் சொன்னால்தான் நகரும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என்னைக் குடைய வேண்டாம். ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக நடத்தும் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கதை கேட்டார். இணையத்தில் மரியாதையாகப் பேசிப் பழகுவது பற்றி இருக்க வேண்டுமாம். எப்படிக் கேட்டார் தெரியுமா? காலையில் "ஹாய்" என்று ஒரு செய்தி. "சொல்லுங்கள்" என்றேன். பதில் இல்லை. மதியம் "மேடம்" என்று இன்னொரு செய்தி. அதற்குப் பிறகும் பதில் இல்லை. சாயங்காலம் ஒரு குரல் பதிவு வந்தது. அதில் பாதி, அவர் சாலையைக் கடக்கும் சத்தம். அப்புறம் யாரிடமோ, "அங்க வைக்காதீங்க, இங்க வைங்க" என்றார். கடைசியில்தான் என் ஞாபகம் வந்தது. "கதைக்குள்ள ஒரு நல்ல கருத்து இருக்கணும் மேடம், வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க."

நான் யோசித்துப் பதில் எழுதுவதற்குள் மூன்று கேள்விக்குறிகள் வந்து விழுந்தன.

மரியாதையைப் பற்றிக் கதை கேட்கிற லட்சணம் இது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே கோபம் வருகிறது.

2

முதல் ஆரம்பம்: "விஞ்ஞானம் நமக்கு அளித்த வரங்களில் கைபேசியும் ஒன்று—"

(வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்குகிற வாக்கியம்.)

இரண்டாம் ஆரம்பம்: "அந்தச் செய்தியை அனுப்பிய மறுகணமே அவனுக்குள் ஏதோ ஒன்று—"

(யார் அவன்? என்ன செய்தி? 'ஏதோ ஒன்று' என்றால் எது? எழுதுகிறவளுக்கே தெரியாததை வாசிப்பவர் தலையில் கட்டலாமா?)

மூன்றாம் ஆரம்பத்தை ஒரு சத்தம் எழுதவே விடவில்லை. எங்கள் குடியிருப்பில் நான்கு கட்டடங்கள். நான்கிலும் லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகளை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. நான் இருப்பது ஆறாவது மாடி, கடைசி மாடி. என் வாசலுக்கு மேலே அரைப் படிக்கட்டு ஏறினால் லிஃப்டின் இயந்திர அறை. அங்கிருந்து ஓயாமல் சத்தம்.

"ரெண்டடி மேல."

"ரெண்டடி மேல."

"நிறுத்து."

"நிறுத்து."

ஒரே வார்த்தையை எதற்கு இரண்டு பேர் சொல்லித் தொலைக்கிறார்கள் என்று கேட்கப் போனேன். கதை அங்கேதான் இருந்தது.

3

மேலே இயந்திர அறையில் ஒருவர், கீழே லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில் ஒருவர். இரண்டு பேரிடமும் வாக்கி-டாக்கி. அவர்கள் அதை 'செட்' என்கிறார்கள். ஒருவர் செட்டில் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதவரை லிஃப்டை நகர்த்தும் பொத்தானைத் தொடக்கூடாது. சரியாகக் காதில் விழவில்லையென்றால், "கேக்கல, திருப்பிச் சொல்லு" என்று கேட்க வேண்டும். கேட்டால் மறுபேச்சில்லாமல் திரும்பச் சொல்ல வேண்டும். குழிக்குள் ஒரு மனிதர் நிற்கும்போது அவர் தலைக்கு மேலே லிஃப்ட் தொங்குகிறது. அரைகுறையாகக் கேட்டுவிட்டு எதையும் செய்ய முடியாது.

நான் அசந்துபோனேன். எங்கள் குடும்பக் குரூப்பில் இப்படி ஒரு விதி வைத்தால் பாதிப் பேர் வாயே திறக்க முடியாது. அடுத்தவர் எழுதியதைப் படிக்க வேண்டியிருக்குமே!

மேலே இருந்தவர் தண்ணீர் கேட்டு என் வாசலுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். கையெல்லாம் கிரீஸ். குடித்துவிட்டுச் செம்பைக் கொடுக்காமல் நின்றார்.

"மேடம், நீங்க கதை எல்லாம் எழுதுவீங்கன்னு கீழ செக்யூரிட்டி சொன்னாரு."

"ஆமா."

"மன்னிப்பு எழுதுவீங்களா?"

4

கீழே குழியில் இருப்பவர் இவருடைய மனைவியின் அண்ணன். இவர் அவரை மச்சான் என்கிறார், அவர் இவரை மாப்பிள்ளை என்கிறார். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து இருவரும் ஒரே ஜோடி.

போன வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் இயந்திர அறைத் தரையில் படுத்துத் தூங்கிவிட்டார். மாப்பிள்ளை அதைப் படம் பிடித்தார். கம்பெனியின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கீழே, "எங்க சீனியர் மும்முரமா வேலை பார்க்கிறார்" என்று ஒரு வரி. எண்பது பேர் இருக்கிற குரூப். எல்லாக் கட்டடத்து ஜோடிகளும் சூப்பர்வைசரும் அதில் உண்டு. கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன. யாரோ படத்துக்குத் தாலாட்டுப் பாட்டு சேர்த்து வீடியோவாக்கித் திருப்பிப் போட்டார். மாப்பிள்ளை பயந்துபோய்த் தான் போட்ட படத்தை அழித்தார். வீடியோவை அவரால் அழிக்க முடியவில்லை, அது அவருடையது இல்லையே.

மச்சான் குரூப்பை விட்டு வெளியேறினார். தங்கச்சி வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். சூப்பர்வைசரிடம் போய், தன்னைத் திங்கள்கிழமையிலிருந்து வேறு ஆளோடு ஜோடி போடச் சொல்லிவிட்டார். இப்போது செட்டில் சொல்ல வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது.

"ஜோடி மாறினா என்ன?" என்று கேட்டேன்.

"குழிக்குள்ள நிக்கும்போது மேல யாரு நிக்கறான்னு யோசனையே வரக்கூடாது மேடம். இத்தனை வருஷமா அவருக்கு வந்ததில்ல. இப்ப வருதாம். அப்படித்தான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்காரு." செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்லயும் நிம்மதி இல்ல. 'நீங்க சிரிக்கறதுக்கு எனக்கு அண்ணன் இல்லாமப் போகணுமா'ன்னு கேக்குறா."

(அந்தப் படத்தில் மச்சான் எப்படி இருந்தார் என்று உங்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கும். வாய் திறந்திருந்ததா, வேட்டியா, பேண்டா? மாப்பிள்ளை எனக்குக் காட்ட வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன். தெரியாததை எழுத முடியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.)

5

இந்த இடத்தில் ஆசிரியரிடமிருந்து செய்தி: "மேடம், கதை எந்த அளவில் இருக்கு?" சுருக்கத்தைச் சொன்னேன். உடனே யோசனை சொன்னார், மனிதருக்கு அதற்கு மட்டும் நேரம் இருக்கிறது. தூங்கியவருக்கு ஒரு உருக்கமான காரணம் வேண்டுமாம். ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் மனைவிக்குத் துணையிருந்தார் என்று வைத்தால் வாசகர் மனம் இளகுமாம்.

நானும் எழுதிப் பார்த்தேன்: "பாவம், அவர் மூன்று நாளாகக் கண் மூடவில்லை. காரணம்—"

காரணம் ஒன்றும் இல்லை ஐயா! சாப்பிட்டார், வெயில் நேரம், இடைவேளை, தூக்கம் வந்தது, தூங்கினார். மனைவி நன்றாக இருக்கிறார். மனைவிக்கு நோய் வந்தால்தான் ஒருவரைக் கேலி செய்யாமல் விட வேண்டும் என்றால், ஆரோக்கியமான வீட்டுக்காரர்கள் எல்லாரும் என்ன ஆவது? இதை ஆசிரியருக்கு அப்படியே அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். படித்தாரா என்பது சந்தேகம்தான்.

6

மன்னிப்பை எழுதினேன்.

"மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, என் செயல் தங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால்—"

(அதென்ன 'படுத்தியிருந்தால்'? புண்பட்டதால்தானே ஊரே அல்லாடுகிறது. அழித்தேன்.)

"அன்புள்ள மச்சான், விளையாட்டாகச் செய்த ஒரு காரியம் இவ்வளவு பெரிய—"

(இவ்வளவு பெரிதாக்கியது நீங்கள்தான் என்று குத்துகிறது. அழித்தேன்.)

கடைசியில் நாலு வரி தேறியது. 'நெஞ்சில் தைத்த முள்' என்று ஒரு இடத்தில் போட்டிருந்தேன், எனக்கே பிடித்திருந்தது. மாப்பிள்ளை அதை மச்சானுக்குத் தனியாக அனுப்பினார். படித்துவிட்டார் என்று காட்டும் இரண்டு நீல டிக்குகள் வந்தன. பிறகு பதிலும் வந்தது. மாப்பிள்ளை படியிறங்கி வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"முள்ளுன்னெல்லாம் நீ பேச மாட்டியே. யார் எழுதிக் குடுத்தது? சிரிக்க வச்சது எண்பது பேர் முன்னாடி, மன்னிப்பு மட்டும் காதுக்குள்ளயா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. முள் நல்ல முள். ஆனால் இரண்டாவது கேள்வி நியாயமான கேள்வி.

"அப்ப குரூப்லயே போட்டுடுங்க" என்றேன்.

"போட்டா, பாக்காதவன்லாம் 'என்ன போட்டோ'ன்னு கேப்பான் மேடம். ஒருத்தன் தேடி எடுத்து மறுபடி போடுவான். அவரு மறுபடி எல்லார் முன்னாடியும் தூங்கணும்."

அதுவும் சரிதான். ரகசியமாகச் சொன்னால் அது மன்னிப்பு இல்லை. வெளியில் சொன்னாலோ படம் மறுபடி சுற்றும். கதையை இங்கேயே போட்டுவிட்டு எழுந்து போய்த் துணி காயப்போட்டேன்.

7

துணி காயப்போட்டபடி யோசித்த முடிவுகள்.

ஒன்று. மாப்பிள்ளை குரூப்பில் மன்னிப்புக் கேட்கிறார். எழுபது பேர் கைகூப்புகிறார்கள். தாலாட்டு போட்டவர்தான் முதலில் கூப்புகிறார். மச்சான்தான் குரூப்பில் இல்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. கயிறு அறுந்து விபத்து நடக்கிறது, மாப்பிள்ளை உயிரைக் கொடுத்து மச்சானைக் காப்பாற்றுகிறார். (வெட்கமாக இல்லையா எனக்கு? ஒரு போட்டோவுக்காக ஆளையே கொல்வதா?)

ஆசிரியர் அனுப்பிய முடிவு: இருவரும் கட்டித் தழுவுகிறார்கள். சூப்பர்வைசர் கைதட்டி, "இனி நாம் இணையத்தில் கண்ணியம் காப்போம்" என்கிறார். எந்த சூப்பர்வைசர் அப்படிப் பேசுவார்? நான் அறிந்தவர், "பேசினது போதும், வேலையப் பாருங்க" என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை.

8

இது நடந்தது. நான் கற்பனை செய்திருந்தால் இதைவிட ஒழுங்காகச் செய்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை, அந்த ஜோடிக்குக் கடைசி நாள். காய்கறிப் பையோடு ஆறு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு என் வாசலில் நின்றேன். இயந்திர அறைக் கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளை பொத்தான் பெட்டியோடு நிற்பது தெரிந்தது. செட்டில் கீழேயிருந்து மச்சானின் குரல்.

"ஒரடி கீழ."

"ஒரடி கீழ."

"நிறுத்து."

"நிறுத்து."

பிறகு மாப்பிள்ளை செட்டை வாயருகே கொண்டுபோனார். பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

"மச்சான்" என்றார்.

செட்டில் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. நான்கு கட்டடத்து ஜோடிகளுக்கும் சூப்பர்வைசருக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். உடனே சூப்பர்வைசரின் குரல் வந்தது. "யாருப்பா அது? வேலைப் பேச்சு மட்டும் பேசுங்க."

மாப்பிள்ளை நிறுத்தவில்லை.

"மச்சான், உங்களைக் கேக்காம படம் எடுத்தேன். எல்லாரும் சிரிக்கணும்னுதான் போட்டேன். நான் செஞ்சது தப்பு."

எண்பது பேரும் இல்லைதான், ஆனால் குரூப்பில் சிரித்தவர்களில் இங்கே தினமும் கூட வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் இந்தச் செட்டில் இருந்தார்கள். இதில் தேடி எடுக்கப் படம் எதுவும் கிடையாது. எனக்கு இந்த இடம் தோன்றவே இல்லை. ஏதோ ஒரு கட்டடத்தில் எவரோ களுக்கென்று சிரித்தார். சூப்பர்வைசர், "யார்ரா சிரிக்கறது? செட்டைக் கீழ வை" என்றார்.

குழியிலிருந்து மச்சானின் குரல் வந்தது.

"கேக்கல. திருப்பிச் சொல்லு."

கேட்காமல் என்ன? நான்கு கட்டடத்துக்கும் கேட்டதே. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்த முள்ளெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதே வார்த்தைகளை, இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக, ஒன்று விடாமல் சொன்னார்.

9

அதன்பின் மச்சான் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

காரணம் இருக்கிறது. இதையெல்லாம் எழுதுவதற்கு முன் கீழே இறங்கிப் போய் அவரைக் கேட்டேன். இந்த ஆறு மாடியை நான் இன்னும் எத்தனை தடவைதான் ஏறி இறங்குவதோ! அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"எழுதிக்குங்க. போட்டோல நான் எப்படி இருந்தேங்கறது வேண்டாம். நான் பதில் சொன்னேனா இல்லையாங்கறதும் வேண்டாம். அங்க இருந்தவங்களுக்குத் தெரியும், அது போதும்."

"சரி" என்றேன். அவர் விடவில்லை.

"என்ன சரி? திருப்பிச் சொல்லுங்க."

"போட்டோல நீங்க எப்படி இருந்தீங்கங்கறது வேண்டாம். பதில் சொன்னீங்களா இல்லையாங்கறது வேண்டாம்."

தலையாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

கதையை ஆசிரியருக்கு அனுப்பினேன். "முடிவு வரலையே மேடம், பாதியில கட் ஆயிடுச்சா?" என்று கேட்டார். பிறகு, அதே மூன்று கேள்விக்குறிகள். அந்த முடிவு என்னுடையது இல்லை என்று அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

மாப்பிள்ளை இரண்டாம் தடவையும் சொல்லி முடித்துவிட்டார். விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்கு கட்டடத்திலும் வேலை நிற்கிறது. கீழேயிருந்து யாரும் திருப்பிச் சொல்லாமல் அவர் பொத்தானைத் தொட மாட்டார். இப்போது குழிக்குள் நிற்பது நீங்கள். உங்கள் தலைக்கு மேலே லிஃப்ட், அதற்கு மேலே ஆறு மாடி தாண்டி உங்கள் தங்கச்சியின் புருஷன், உங்கள் கையில் செட். திங்கள்கிழமை மேலே யார் நிற்க வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மன்னிப்பதென்றால் சொல்லுங்கள், மாட்டேனென்றால் அதையாவது சொல்லுங்கள். நான் இங்கே காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருக்கிறேன், முழங்கால் வலிக்கிறது.