ஆறாவது துவக்கு வேண்டாதவர்

1

இந்தக் கதையில் முக்கால்வாசி என்னுடையதல்ல. புளியங்குளம் சந்தியில் கடை வைத்திருக்கும் ஜமால்தீன் நானா சொன்னது. மிச்சத்தை நான் கட்டினேன். எது அவருடையது, எது என்னுடையது என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். நன்றாக இருக்கும் இடங்கள் அவருடையவை.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்று தன் பொங்கல் மலருக்கு மனநிறைவைப் பற்றி ஒரு கதை கேட்டது. "ஆசையை அடக்கிய ஒரு மனிதரை எழுதுங்கள். உங்கள் வன்னிப்பக்கம் அப்படியானவர்கள் நிறைய இருப்பார்களே" என்றார் ஆசிரியர். வன்னியில் மலிவாகக் கிடைக்கும் என்று யாழ்ப்பாணத்தார் நம்பும் பொருட்கள் மூன்று: தேன், மான் வற்றல், மனநிறைவு.

நான் ஜமால்தீன் நானாவிடம் போய்க் கேட்டேன். அவர் எனக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"மனநிறைவோ தம்பி? இருக்கிறார் ஒராள். வீட்டிலை அஞ்சு துவக்கு வைச்சிருக்கிறார். ஆறாவது வேண்டாமாம்."

2

தொடக்கங்கள்.

"பாலை மரங்கள் நிழல் விரிக்கும் வன்னி மண்ணிலே, பற்றறுத்த பெருமகன் ஒருவர்..."

நிறுத்திவிட்டேன். அந்தக் குடியேற்றத்திட்டத்தைப் பாலை மரங்களை வெட்டித்தான் போட்டார்கள். நிழல் கிடையாது. பெருமகனைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

"கதிர்காமநாதன் துவக்கை எடுத்துக் குறி வைத்துச்..."

பொய்.

"கதிர்காமநாதன் துவக்கை எடுத்துத் துடைத்தார்."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

கனகராயன்குளத்திலிருந்து உள்ளே போகும் வண்டிப்பாதையில் அந்த ஊர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர்களுடைய வயல்கள். வயல் முடியும் இடத்தில் காடு. காடு தொடங்கும் இடத்தில் பன்றி. இவ்வளவுதான் பூகோளம்.

கதிர்காமநாதனும் அவர்களோடு வந்தவர்தான். ஆனால் வந்த வருடமே கிராம முன்னேற்றச் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டதால், குனிந்து செய்யும் வேலைகள் அவரை விட்டு விலகிவிட்டன. அவருடைய வயல் வாய்க்காலின் தலைமாட்டில், நடு ஊரில் இருந்தது. அதுவரைக்கும் பன்றி வருவதில்லை. வழியில் மற்றவர்களுடைய வயல்கள் இருந்தனவே.

முன்கூடத்துச் சுவரில் ஐந்து துவக்குகள், ஒவ்வொன்றும் ஒரு சோடி மான்கொம்பில் தொங்கின. (மான்கொம்பும் விலைக்கு வாங்கியது. அவர் சுட்ட மான் என்று ஒன்று இருந்திருந்தால் அது இன்றைக்கும் எங்காவது நலமாக மேய்ந்துகொண்டிருக்கும்.) குழலின் வாயால் வெடிமருந்து இடிக்கும் பழங்காலத் துவக்கு ஒன்று, இரட்டைக்குழல் ஒன்று, ஒற்றைக்குழல் மூன்று. வெள்ளிக்கிழமைகளில் முழுகிவிட்டு, திருநீறு பூசி, வெள்ளைத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். துடைத்து முடியும்வரை வீட்டில் ஒருவரும் தும்மக் கூடாது.

துவக்கெண்ணெயும் தோட்டாவும் விற்க அனுமதி பெற்ற கடை ஜமால்தீன் நானாவுடையது. அவர் சொன்னார்: "எண்ணெய்க்கு மாசா மாசம் வருவார். தோட்டா ஒருக்காலும் கேட்டதில்லை. நானும் வாய்விட்டுக் கேட்டன், 'தலைவர், தோட்டா வேண்டாமோ?' எண்டு. 'வெடி வைச்சால் குழாய் கறுத்துப்போம் நானா' எண்டார்."

4

இனி மனநிறைவு.

சீமைக்குத் திரும்பிப்போன தோட்டத்துத் துரை ஒருவர் தன்னுடைய துவக்கை, செதுக்கு வேலை செய்த பிடியோடு, சும்மா தருகிறேன் என்று சொன்னாராம். கதிர்காமநாதன் மறுத்துவிட்டாராம். "துரை, எனக்கு அஞ்சு காணும்" என்றாராம். துரை கண் கலங்கினாராம்.

இந்தத் துரையை வேறு ஒருவரும் கண்டதில்லை. முதல் தரம் சொல்லும்போது அவர் பண்டாரவளையிலிருந்து வந்தார். அடுத்த தரம் அட்டனிலிருந்து. கண் கலங்கியது மட்டும் மாறவில்லை.

சங்கத்துக் கூட்டங்களில் தலைவருரை எப்போதும் இதில்தான் வந்து முடியும். "மனிதன் எங்கே நிற்கவேண்டும் என்று அறியவேண்டும். நான் ஐந்தில் நின்றேன்." கையொலி. கை தட்டுபவர்களில் பாதிப்பேர் பன்றிக்குத் தகரம் தட்டித் தட்டி நித்திரை இல்லாமல் வந்தவர்கள். தட்டுவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

5

(இந்தப் பகுதியை நீங்கள் விடலாம்.)

ஒரு பாத்திரத்தை இப்படி ஒரேயடியாக இகழக் கூடாது, வாசகர் எழுத்தாளரில் சந்தேகப்படுவார் என்று ஒரு பயம் வந்தது. ஆகவே கதிர்காமநாதனுக்கு ஒரு நெஞ்சு வைத்துப் பார்த்தேன்.

"சிறுவயதில் அவருக்கு விளையாட ஒரு மரத்துவக்குக் கூட..."

"இரவில் தனியே அந்தச் சுவரைப் பார்த்து அவர் ஏன்..."

முடியவில்லை. வசனம் தானாகவே நொண்டுகிறது. அந்த மனிதருக்கு உள்ளே ஒரு துயரம் இருந்திருந்தால் அதையும் எண்ணெய் போட்டுச் சுவரில் கொழுவியிருப்பார்.

6

வாய்க்காலின் கடைசியில், காட்டோரத்து வயல் வீரகத்தியுடையது. முதல் வருடக் காலபோக நெல்லைப் பன்றி தின்றது. இந்த வருடம் கதிர் பால்பிடித்த கிழமையில், பன்றியைத் துரத்தப்போன வீரகத்தி காவல் பரணிலிருந்து விழுந்து கால் முறிந்தான். காலுக்குப் பற்றுப் போட்டு வீட்டில் கிடந்தான். வயலுக்கும் பன்றிக்கும் நடுவில் மிஞ்சியது அவன் மனைவி சிவனேஸ்வரியும் ஒரு தகரமும்.

இந்தப் போகமும் போனால் அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரே ஒரு இடம்தான் இருந்தது: யாழ்ப்பாணத்தில் அவளுடைய தமையன் வீடு. தமையன் நல்லவன். மச்சாள்காரி, வந்தவர்களுக்குச் சோறு போட்டுவிட்டுச் சட்டியை எட்டிப் பார்ப்பவள். அந்தக் குசினிக்குள் போய் நிற்பதைவிடப் பன்றியோடு நிற்கலாம் என்று சிவனேஸ்வரி முடிவுசெய்தாள்.

அவள் துவக்கு லைசென்சு கேட்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனாள். கந்தோரில் சொன்னார்கள்: "உங்கடை ஊரிலை அஞ்சு துவக்கு இருக்கே. அந்தக் காட்டோரத்துக்கு அது காணும். ஆராவது ஒண்டைத் திருப்பித் தந்தால் வாங்கோ, பாப்பம்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எந்தக் கந்தோர் என்று தேடிப்போகாதீர்கள். நான் கட்டிய கந்தோர். கதவு, யன்னல், கதிரை, கதிரையில் இருந்தவர் எல்லாம் நானே போட்டது.)

இப்போது விளங்கியிருக்கும். ஊருக்கு உள்ளதே ஐந்து. ஐந்தும் ஒரே சுவரில். ஆறாவது வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் அவரைவிடத் தகுதியானவர் யார்?

7

ஒரு வெள்ளிக்கிழமை. தலைவர் துடைத்துக்கொண்டிருக்கிறார். சிவனேஸ்வரி வாசலில் நிற்கிறாள்.

"அண்ணை, ஒரு துவக்கைத் தாங்கோ. பண்டி வரம்புக்குக் கிட்ட வந்திட்டுது."

"துவக்கை ஆளுக்காள் மாத்திறது சட்டப்படி குற்றம் பிள்ளை. லைசென்சிலை பேர் உள்ள ஆள்தான் தொடலாம்."

"அப்ப நீங்களே வந்து ஒரு வெடி வையுங்கோ. சத்தத்துக்கே ஓடியிடும்."

"எனக்கு இடுப்பிலை வாயு. பரணிலை ஏறக் கூடாதெண்டு பரியாரி சொல்லியிருக்கிறார்."

"நிலத்திலை நிண்டு சுடுங்கோவன்."

"நிலம் ஈரமெல்லோ."

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப அஞ்சிலை ஒண்டைக் கந்தோரிலை ஒப்படையுங்கோ. அதை நாங்கள் எங்கடை பேருக்கு எடுக்கிறம்."

கதிர்காமநாதன் துணியை மடித்து வைத்தார். கூட்டத்தில் பேசுகிற குரலுக்கு மாறினார்.

"இஞ்சை பார் பிள்ளை. ஆறு எண்டால் பேராசை. நாலு எண்டால் குறை. அஞ்சிலைதான் மனம் நிறைஞ்சு நிக்குது. ஒரு மனிசன் எவ்வளவு பாடுபட்டு அடைஞ்ச நிறைவைக் கேவலம் ஒரு பண்டிக்காக..."

"பண்டிக்கில்லை அண்ணை. எனக்கு."

"ஆருக்கெண்டாலும்."

"அஞ்சும் உங்கடை பேரிலையோ?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி. வேறொன்றும் கேட்கத் தோன்றாமல் கேட்டது.

இந்த இடத்தில் அவர் 'ஓம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். பொங்கல் மலருக்கும் போயிருக்கும். ஆனால் ஒரு துவக்கு எப்படி வந்தது என்று சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடும் மனிதரல்ல அவர்.

"நாலுதான் என்ரை பேரிலை. ஒராளுக்கு நாலுக்கு மேலை எழுத மாட்டமெண்டு நிண்டவங்கள். நான் விடுவனோ? அந்தக் கடைசி ஒற்றைக்குழலை மனுசியின்ரை பேரிலை எழுதுவிச்சனான்."

"அப்ப அது என்ரை துவக்கோ?"

குரல் குசினிக்குள் இருந்து வந்தது.

8

ஒரு விளக்கம். கதிர்காமநாதனின் மனைவி நாகேஸ்வரியை நான் இந்தக் கதைக்கு அழைத்ததே தேத்தண்ணி கொண்டுவரத்தான். முதற்படியில் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை. "அவா இரண்டு மூக்குப்பேணிகளோடு வந்தா" என்று எழுதி வைத்திருந்தேன். ஜமால்தீன் நானா தலையாட்டினார். "உங்களுக்கு ஆர் சொன்னது அவா தேத்தண்ணி கொண்டு வந்தவா எண்டு? நான் சொன்னனானோ?"

சொல்லவில்லைதான். சுவரில் துவக்கு உள்ள வீட்டில் குசினியை எட்டிப் பார்க்காமல் எழுதுவது என் தொழிலில் வழக்கம்.

9

நாகேஸ்வரி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தார்.

"காணிக் கடுதாசி எண்டெல்லோ அண்டைக்குக் கையெழுத்து வைக்கச் சொன்னியள்?"

"எல்லாம் ஒண்டுதான். நீ உள்ளுக்குப் போ."

"எது?"

"என்ன எது?"

"என்ரை எது?"

 அவர் கண் போன இடத்தை நாகேஸ்வரி பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். கதிர்காமநாதன் பாய்ந்து வந்து துவக்கின் அடியைப் பிடித்தார்.

"நாகேஸ், வை அதை! சுவர் வெறுமையாப் போகும்!"

"நீங்கள்தானே இப்ப சொன்னியள், பேர் உள்ள ஆள்தான் தொடலாமெண்டு. கையை எடுங்கோ."

கையை எடுத்தார். சட்டத்துக்கு அவ்வளவு மதிப்பு. அல்லது கதிரை ஆடியது. அந்தம்மா அவர்மேல் விழுந்தால் மற்ற நாலுக்கும் என்ன ஆகும் என்று பயந்திருக்கலாம்.

"உனக்குச் சுடத் தெரியுமோ?" என்றார்.

"உங்களுக்கு?"

இதற்குப் பதில் ஒன்று எழுதிப் பார்த்தேன். அவர் வாயில் அது நிற்கவில்லை.

10

அன்றைக்கே இரண்டு பெண்களும் பஸ் ஏறிப் புளியங்குளத்துக்கு வந்தார்கள். துவக்கு பாய்க்குள்; அலுமாரியிலிருந்து எடுத்த லைசென்சு நாகேஸ்வரியின் மடிக்குள். ஜமால்தீன் நானா நாகேஸ்வரியைக் கண்டதும் போத்திலை எடுக்கத் திரும்பினார்.

"தலைவருக்கு எண்ணெயோ அம்மா?"

"எனக்குத் தோட்டா."

நானா லைசென்சைப் பார்த்தார், பேரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். பிறகு துவக்கை மடித்து, தோட்டா போட்டு, எடுத்து, மூடிக் காட்டினார். "தோளிலை இறுக்கிப் பிடியுங்கோ. தளரப் பிடிச்சால் பண்டியை விட உங்களுக்குத்தான் அடி."

"அடி பழக்கம்தான்" என்றார் நாகேஸ்வரி. சிவனேஸ்வரி சிரித்தாள். நானா சிரிக்கவில்லை.

"பிறகு?" என்று கேட்டேன் நான்.

"பிறகு பஸ் வந்திட்டுது" என்றார் ஜமால்தீன் நானா.

11

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி என் பாடு.

முடிவு ஒன்று: கதிர்காமநாதன் மனம் திருந்தி ஐந்தையும் ஊருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார். ஆசிரியர் விரும்புவது இதைத்தான். எழுத உட்கார்ந்தேன். பேனா இரண்டு தரம் நின்றது. மை இருந்தது.

முடிவு இரண்டு: துவக்கு வெடிக்கவில்லை, பன்றி எல்லாவற்றையும் தின்கிறது, சிவனேஸ்வரி மச்சாளின் குசினியில் நிற்கிறாள். இது அழுவதற்கென்றே கதை படிப்பவர்களுக்கு. அவர்கள் ஒருவரும் காட்டோரத்தில் வயல் செய்பவர்களல்ல.

முடிவு மூன்று: பன்றி விழுகிறது, ஊர் முழுக்கப் பங்கு. தலைவர் வீட்டுப் பங்கை, சுட்டவர் என்ற முறையில், நாகேஸ்வரி தன் கையால்... பொங்கல் மலர் போடுவது சைவப் பத்திரிகை. வெட்டிவிடுவார்கள்.

ஆகவே முடிவை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

மைமல் பொழுது, இருள் கவிகிற நேரம். பரணில் இரண்டு பெண்கள். கீழே குடிசையிலிருந்து வீரகத்தி, "கண்டிட்டியளோ? கண்டிட்டியளோ?" என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறான். காட்டோரத்தில் புல் அசைகிறது. அதே நேரம் வண்டிப்பாதையில் சைக்கிள் ஒன்று விழுகிற சத்தம். பிறகு ஓட்டம்.

"நாகேஸ்! சுடாதை! குழாய் கறுக்கும்!"

நாகேஸ்வரி துவக்கைத் தோளில் வைத்தார். இறுக்கினார். கண் அவ்வளவு தெரியாது.

"சிவனேஸ், அந்தச் சத்தம் போடுறது எது?"

"அது அண்ணை."

"மற்றது?"

"மற்றதுகள் பண்டி. நாலஞ்சு நிக்குது, அக்கா. குட்டியும் இருக்கு."

"எந்தக் கைப்பக்கம்?"

சிவனேஸ்வரி துவக்கின் வாயைப் பிடித்து, மெல்ல, மெல்ல, ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டாள். விரல் விசையில் இருக்கிறது.

இங்கே நான் இறங்கிவிடுகிறேன். இதற்கு மேல் நான் எழுதினால் அது எனக்குப் பிடித்ததாகத்தான் இருக்கும்; எனக்கு எது பிடிக்கும் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கறுக்காத குழாய் வேண்டுமா, வெடி வேண்டுமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். கதிர்காமநாதனின் நிறைவுக்கும் உங்களிடம் இரக்கம் இருக்கலாம். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. நீங்கள் யோசிக்கத் தொடங்கியபோது பன்றிகள் வரம்பில் நின்றன. இப்போது கதிருக்குள் நிற்கின்றன.