ஈரப் பரிசோதனை

பூச்சிக்காரர் பதினோரு வருடங்களாக மூட்டைப்பூச்சி ஒழிக்கும் தொழில் செய்து வந்தார். ஒரு நீராவி மெஷின், ஒரு பழைய வேன், ஃபோன் எடுக்க மனைவி. அவ்வளவுதான் நிறுவனம். வேலையில் குறை சொல்ல முடியாது. கட்டில் மூட்டு, மெத்தைத் தையல், சுவிட்ச் பெட்டி என்று ஒரு விரிசலையும் விட மாட்டார். அவர் போய் வந்த வீட்டிலிருந்து இரண்டாவது அழைப்பு வந்ததே கிடையாது.

தொழில் வளராததற்கும் அதுவே பாதிக் காரணம். மீதிக் காரணம், பிழைத்தவர்கள் யாரும் வெளியில் மூச்சு விடுவதில்லை. நல்ல பல் டாக்டர் கிடைத்தால் நாலு பேரிடம் சொல்வார்கள். நல்ல பூச்சிக்காரர் கிடைத்ததைச் சொன்னால், சொன்னவர் வீட்டு சோபாவில் அப்புறம் யாரும் உட்கார மாட்டார்கள்.

இந்த நேரத்தில் மனைவியின் தம்பிக்கு வேலை போனது. பிஸ்கட் கம்பெனியில் எட்டு வருடம் விற்பனைப் பிரிவில் இருந்தவன்.

"மாமா, உங்களுக்கு மார்க்கெட்டிங் ஸ்ட்ராட்டஜி இல்ல. அதான் பிரச்சினை."

"எனக்கு இன்னொரு மெஷின் இல்ல. அதான்னு நெனச்சிட்டிருந்தேன்."

மச்சினன் ஹால் டிவியில் முப்பத்திரண்டு படங்கள் போட்டு விளக்கினான். மறு வாரம் வேன் சிவப்பாக மாறியது. இரண்டு பக்கமும் கன்றுக்குட்டி அளவில் ஒரு மூட்டைப்பூச்சி. அதன் கீழே: 'இன்றிரவு உங்கள் படுக்கையில் யார்?'

மனைவி இரண்டு முறை படித்தாள். "இது வேற மாதிரி அர்த்தம் வருதுடா."

"வரட்டும்க்கா. நின்னு படிப்பாங்க."

நின்று படித்தார்கள். ஆனால் ஃபோன் செய்யவில்லை. வாரத்துக்கு ஒன்பது அழைப்புகள் இரண்டாகக் குறைந்தன. அந்த இரண்டில் ஒருவர், நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளரும் அவரே. வாசலில் வேன் நின்றதும் ஜன்னலை நாலு விரல் அளவு திறந்தார்.

"நாங்க கூப்பிடலியே. அடுத்த வீடா இருக்கும்."

அடுத்த வீட்டு அம்மாளுக்குக் காது கூர்மை. "யாரு வீடு? எங்க வீடா?" என்று வெளியே வந்தவர், வேனைப் பார்த்ததும் தன் பரம்பரையின் சுத்தத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பூச்சிக்காரர் மெஷினை இறக்காமலே திரும்பினார். சாயங்காலம் தலைமையாசிரியர் ஃபோன் செய்தார். "நாளைக்கு வாங்க. ஆனா அதுல வராதீங்க."

மச்சினன் அன்று சாப்பிடவில்லை. அக்காதான் ஒரு நோட்டை அவன் முன்னால் போட்டாள். அழைத்தவர்கள் சொன்ன முதல் வாக்கியத்தை அவள் எழுதி வைத்திருந்தாள். 'ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்குறேன்.' 'எங்க வீட்டுல இல்ல, இருந்தா என்ன செய்வீங்க?' 'கொஞ்சம் மெதுவா பேசுறீங்களா?'

அவன் மூன்று நாள் அதைப் படித்தான். நாலாவது நாள், "அக்கா, பிஸ்கட்டை எல்லாரும் பார்க்கத் திங்கலாம். நான் அந்தப் புத்தியிலேயே இருந்துட்டேன்," என்றான். பதினோரு வருடங்களில் அந்த நோட்டை யாராவது படித்தது அதுவே முதல் தடவை. அவள் எதையும் காட்டிக்கொள்ளாமல் காபி போடப் போனாள்.

வேன் வெள்ளையாகியது. எழுத்து, படம் எதுவும் கிடையாது. மூட்டைப்பூச்சி கடித்தவர்கள் முதலில் எங்கே போவார்கள் என்று யோசித்து, மச்சினன் மருந்துக் கடைகளுக்கு நடந்தான். அரிப்புக் களிம்பு வாங்குகிறவர்களின் கவரில் ஒரு சின்னச் சீட்டு போனது. 'சத்தமில்லாமல் வருவோம்' என்ற வரியும் ஒரு நம்பரும் மட்டும். முதுகைக் காட்டி விளக்கம் கேட்கிறவர்களால் சலித்துப்போயிருந்த கடைக்காரர்கள் மகிழ்ச்சியாகச் சம்மதித்தார்கள்.

மனைவி ஃபோனில் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டாள். "அக்கம்பக்கத்துல அவர் யாருன்னு சொல்லிக்கட்டும்?"

பூச்சிக்காரர் சோபா ரிப்பேர்காரராகப் போனார். டிவி மெக்கானிக்காகப் போனார். ஒரு பெண்மணி "என் ஒண்ணுவிட்ட அண்ணன்" என்று சொல்லிவிட்டதால், பக்கத்து வீட்டார் வந்து நலம் விசாரிக்க, இல்லாத சித்தப்பாவின் முட்டிவலிக்கு அரைமணி நேரம் பதில் சொன்னார். நாலு மாதத்தில் வாரத்துக்கு இருபத்தைந்து வீடு. இரண்டாவது மெஷினும் வந்தது.

அப்போதுதான் அந்த நாலு மாடிக் குடியிருப்பில் ஏற்கெனவே போய் வந்த ஒரு வீட்டிலிருந்து இரண்டாவது அழைப்பு வந்தது.

"சார், திரும்ப வந்துடுச்சு சார்."

பூச்சிக்காரர் ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் அவருக்குத் தெரியும். அங்கே இருந்த எட்டு வீடுகளில் ஆறு வீட்டுக்கு ஆறு வேஷத்தில் போய் வந்திருந்தார். ஒரு வீட்டில் விரட்டினால் சுவர் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே விரட்டும்போது திரும்பி வருகின்றன. எட்டையும் ஒரே நாளில் முடித்தாக வேண்டும்.

"சொல்லக் கூடாது மாமா. ரகசியம்தான் நம்ம சரக்கே," என்றான் மச்சினன்.

"வேலை சுத்தமா இல்லாம ரகசியம் மட்டும் சுத்தமா இருந்து என்னடா?"

இருவரும் குரல் உயர்த்தியபோது மனைவி சங்கச் செயலாளரான தலைமையாசிரியருக்கு ஃபோன் போட்டுவிட்டாள்.

"எல்லா வீட்டையும் எதுக்கும்மா திறக்கணும்? அவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லையே?"

"இல்லதான் சார். ஆனா உங்க வீட்டுலேர்ந்து ஓடிப் போயி அங்க ஒளிஞ்சிருந்தா?"

தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார். "நோட்டீஸ்ல என்ன எழுதலாம்?"

'சுவர் ஈரப் பரிசோதனை' என்று முடிவானது. ஏற்கெனவே அழைத்திருந்த மற்ற ஐந்து வீட்டுக்கும் மனைவி தனித்தனியாகப் பேசினாள். "ஞாயித்துக்கிழமை ஈரப் பரிசோதனைன்னு நோட்டீஸ் வரும். அது உங்களுக்காகத்தான் பண்றோம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஞாயிறு காலை இரண்டு மெஷின்களும் ஏறின. எட்டு வீட்டுக்காரர்களும் படிக்கட்டில் காத்திருந்தார்கள்.

"எங்க வீட்டுல ஈரமே கிடையாது," என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

"எங்க வீட்டுலயும் இல்ல. பொதுக் காரியம்னு விட்டுட்டேன்," என்றார் அடுத்த வீட்டு அம்மாள்.

"பழைய கட்டடம். ஈரம்னா எல்லா வீட்டுக்கும்தான்," என்று தலைமையாசிரியர் பொதுவாகச் சொன்னார்.

மச்சினன் அட்டையில் எதையோ குறித்தபடி இறங்கினான். "எத்தனை பர்சென்ட் தம்பி?" என்று கேட்டார் தலைமையாசிரியர். "பதினாலு சார்." "பரவாயில்லையே!"

பூச்சிக்காரரை ஒருமுறைகூட அழைக்காத மூன்றாம் மாடிக்காரரின் கட்டில்தான் தலைமைச் செயலகமாக இருந்தது. பூச்சிக்காரர் அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்து, "உங்க வீட்டுலதான் சார் ஈரம் ரொம்பக் கம்மி," என்றார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கிளம்பும்போது ஆறு பேர் ஆறு மூலையில் பூச்சிக்காரர் கையைப் பிடித்தார்கள். "எனக்காக இத்தனை வீட்டையும் திறக்க வச்சீங்களே!" ஆறு பேரிடமும் அவர் ஒரே மாதிரி தலையாட்டினார். அந்தக் குடியிருப்பிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை.

மறு வாரம் தலைமையாசிரியர் பேசினார். "என் சம்பந்தி குடியிருப்புல பத்து வீடு. அங்கயும் ஈரம் ஜாஸ்தியாம். உங்க பேரைச் சொல்லியிருக்கேன்." அடுத்த நாள் அடுத்த வீட்டு அம்மாளின் நாத்தனார் பேசினார். வாய்விட்டுச் சொல்ல ஒரு வார்த்தை கிடைத்ததும், சொல்லாதவர்களெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். மச்சினன் வேறு வேலை தேடுவதை நிறுத்திவிட்டான்.

அந்த மாதம் ஈரம் என்று வந்த அழைப்புகள் நாற்பத்தொன்று. அதில் மூன்று வீட்டில் உண்மையாகவே ஈரம் இருந்தது. அவர்களுக்குப் பூச்சிக்காரர், தனக்குத் தெரிந்த கொத்தனாரின் நம்பரைக் கொடுத்து அனுப்பினார்.